ஃபாசெட் தேடிய நகரம்

பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள தேசிய நூலகத்தில், 512 என்னும் எண்ணிட்ட கையெழுத்துப் பிரதியொன்று இன்றும் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது. போர்த்துக்கீசிய மொழியில் எழுதப்பட்ட அந்தச் சில தாள்கள் செல்லரித்து, வரிகளுக்கு நடுவே துளைகள் விழுந்து, எழுதியவர் இன்னார் என்று அறிவதற்கும் வழியில்லாத நிலையில் 1839-ஆம் ஆண்டு அங்கே கண்டெடுக்கப்பட்டன. முரிபெக்கா என்பவனுடையவை என்று கர்ண பரம்பரையாகப் பேசப்பட்டுவந்த வெள்ளிச் சுரங்கங்களைத் தேடிப் பத்தாண்டுக் காலம் காடும் மலையும் அலைந்த ஒரு கூட்டத்தார், 1753-இல் ஒரு மலைத்தொடரை ஏறிக் கடந்தபோது, ஆளரவமே இல்லாத மாநகரமொன்றைக் கண்ட விருத்தாந்தம் அவற்றில் சொல்லப்படுகிறது. நுழைவாயிலில் மூன்று வளைவுகள். அவற்றுள் நடுவிலிருந்த பெரிய வளைவின் உச்சியில், படிக்க இயலாத எழுத்துக்கள். உள்ளே சதுக்கத்தின் நடுவே கருங்கல் தூணொன்று. அதன்மேல் ஒரு கையை இடுப்பில் ஊன்றி மறு கையால் வடதிசையைச் சுட்டி நிற்கும் மனிதச் சிலை. ஒரு புறத்தில் மண்டியிட்ட வாலிபனின் உருவம் பொறித்த ஒரு பொற்காசு. இவற்றையெல்லாம் எழுதியவர் கண்ணால் கண்டவர் போலவே விவரித்துச் செல்கிறார்.

அந்த நகரத்தைப் பின்னர் எவரும் கண்டதில்லை. பாஹியா மாகாணத்து மலைநாட்டில் காற்றும் மழையும் செதுக்கிய பாறைகளைத் தூரத்திலிருந்து பார்த்து மயங்கியிருக்கலாம் என்பார் சிலர். ஐரோப்பாவில் பாம்பெயி, ஹெர்குலேனியம் முதலிய புதையுண்ட நகரங்களைப் பற்றிய செய்திகள் பரவியிருந்த காலமாதலால், அவற்றைக் கேள்வியுற்ற ஒருவர் புனைந்த கதையாக இருக்கலாம் என்பார் வேறு சிலர். உண்மை எதுவாயினும், அந்தத் தாள்களின் மொழிபெயர்ப்பை ரிச்சர்ட் பர்ட்டன் 1869-இல் தம் பிரேசில் பிரயாண நூலில் சேர்த்து வெளியிட்ட பிறகு, ஆங்கிலம் படித்த உலகத்தில் அந்தப் பாழ் நகரத்துக்குப் பெரும் பிரசித்தி உண்டாயிற்று. அந்தக் கதையைப் படித்து அதன் வசமானவர்களுள், தம் உயிரையும் தம் மகனுடைய உயிரையும் அதற்கே அர்ப்பணம் செய்துவிட்ட ஒருவர் கர்னல் பெர்சி ஹாரிசன் ஃபாசெட்.

1867-இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில் பிறந்த ஃபாசெட், பத்தொன்பதாம் பிராயத்தில் பீரங்கிப் படையின் அதிகாரியாகித் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டார். இலங்கை வாழ்க்கை அவருடைய மனத்தை உருவாக்கிய வாழ்க்கை என்று சொன்னால் அது மிகையாகாது. கண்டி மன்னர்களின் புதையல் பற்றிய பேச்சைக் கேட்டுக் காடுகளில் அலைந்ததும், கொடிகளுக்குள் மறைந்து கிடந்த பழங்காலத்துக் கற்பணிகளைக் கண்டு வியந்ததும் அங்கேதான். அங்கே நீதிபதியாக இருந்த ஒருவரின் மகளான நீனாவை அவர் 1901-இல் மணந்ததும், 1903-இல் மூத்த மகன் ஜாக் பிறந்ததும் இலங்கை நாட்களில்தான். மாபெரும் நாகரிகமொன்றைக் காடு ஒரேயடியாக விழுங்கிவிட முடியும் என்பதை அநுராதபுரமும் பொலன்னறுவையும் உள்ள தீவில் இளமையைக் கழித்தவருக்கு யாரும் வாதாடி நிரூபிக்க வேண்டியதில்லை அல்லவா!

1906-இல் லண்டன் ராயல் புவியியல் சங்கத்தார், பொலிவியாவுக்கும் பிரேசிலுக்கும் இடையிலான எல்லையை அளக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார்கள். ரப்பர் மரத்தின் பால் பொன்னாக மதிக்கப்பட்ட காலம் அது. எந்த ஆறு எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதே பெரும் வழக்காக இருந்தது. அந்த வேலையாகவும் பின்னர் தம் சொந்த ஆராய்ச்சியாகவும், நடுவில் ஐரோப்பிய யுத்தத்தில் போர்முனையில் நின்ற வருஷங்கள் நீங்கலாக, ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம் அவர் அந்தக் காடுகளுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். உடன் சென்றவர்கள் காய்ச்சலிலும் புண்ணிலும் பட்டினியிலும் வீழ்ந்தபோதும் அவர் மட்டும் நோயண்டாத தேகத்தோடு நடந்துகொண்டேயிருந்தார் என்பது அவரை வெறுத்தவர்களும் ஒப்புக்கொண்ட செய்தி. காட்டு மக்களிடம் அவர் நடந்துகொண்ட முறையும் அக்காலத்து வழக்கத்துக்கு மாறானது. 1910-இல் ஹீத் ஆற்றில் படகில் சென்றபோது கரையிலிருந்து அம்புகள் பாய்ந்துவர, துப்பாக்கியை எடுக்கக் கூடாதென்று தம் ஆட்களைத் தடுத்து, அவர்களில் ஒருவரை அக்கார்டியன் வாசிக்கச் சொல்லி, மற்றவர்களைப் பாடவைத்துத் தாமும் சேர்ந்து பாடி, முடிவில் நிராயுதபாணியாகக் கரையிறங்கி அந்த மக்களோடு ஸ்நேகம் செய்துகொண்டார். ரப்பர் முதலாளிகள் அதே மக்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்து அடிமைகளாக்கிக் கொன்றுகொண்டிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இத்தகைய பிரயாணங்களில் அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். வெள்ளம் ஏறாத மேட்டுநிலம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பழைய மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. ஜன சஞ்சாரமே இல்லாத வனாந்தரம் என்று தேசப்படங்களில் வெறுமையாக விடப்பட்டிருந்த இடங்களில், யாரோ ஒரு காலத்தில் நிலையாக வாழ்ந்து, சமைத்து, உண்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சியம். அந்தச் சாட்சியத்தை அது சொன்ன மட்டில் ஏற்றுக்கொண்டிருந்தாரானால் தொல்லியல் ஆராய்ச்சியின் சரித்திரத்தில் ஃபாசெட்டின் பெயர் வேறொரு வரிசையில் இடம்பெற்றிருக்கக் கூடும். ஆனால், அவருடைய உள்ளம் ஓட்டுத் துண்டுகளில் திருப்தியடையவில்லை. அது கல்லைத் தேடியது. 1911-இல் ஹிராம் பிங்காம் பெரு நாட்டு மலையுச்சியில் மாச்சு பிச்சுவின் கற்சுவர்களை உலகுக்கு அறிவித்த பிறகு, தமக்கும் அத்தகையதொரு நகரம் காத்திருக்கிறதென்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணத்தின்மேல் அவர் கட்டிய ஊகங்களோ பல. நாவலாசிரியர் ரைடர் ஹேகார்ட், பிரேசிலிலிருந்து கிடைத்ததென்று சொல்லி, பத்து அங்குல உயரமுள்ள கருங்கல் பதுமையொன்றை அவரிடம் கொடுத்திருந்தார். அதைப் பரிசோதிக்கத் தொல்பொருள் அறிஞர்களை மட்டும் நாடாமல், பொருளைக் கையில் பிடித்து அதன் பூர்விகத்தைச் சொல்வதாகக் கூறுவோரிடமும் ஃபாசெட் போனார். அட்லாண்டிக் கடலில் மூழ்கிய பெருநிலத்தின் கோவிலிலிருந்து தப்பியது அது என்று அவர்கள் கூறியதை அவர் நம்பினார். அவருடைய தமையனார் எட்வர்டு டக்ளஸ் ஃபாசெட், பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-இல் வெளியிட்ட ‘இரகசியக் கோட்பாடு’ என்னும் நூலின் ஆக்கத்தில் உதவியவர். நம் அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் அந்த மூல நூலில், அட்லாண்டிஸும் இலெமூரியாவும் மனித வர்க்கத்தின் ஆதி இல்லங்களாகப் பேசப்படுகின்றன. அந்தக் கருத்துக்களின் காற்று ஃபாசெட்டின் மீதும் பலமாக வீசியிருந்தது. காட்டில் வெண்ணிறமும் நீலக் கண்களும் உடைய மக்கள் இருக்கிறார்கள், அவர்கள் கடல் கடந்துவந்த பழைய நாகரிகமொன்றின் எச்சம், அவர்களுடைய நகரமே தாம் தேடுவது என்று அவர் முடிவு செய்தார். அதற்கு ‘இஸட்’ என்று பெயரிட்டார். 512-ஆம் எண் பிரதியில் தலைவனின் பெயர் இல்லாத குறையைக்கூட, பிரான்சிஸ்கோ ரப்போசோ என்று தாமே ஒரு பெயரைச் சூட்டிப் போக்கிக்கொண்டார்!

1925, ஏப்ரல் 20-ஆம் தேதி, மாட்டோ குரோசோ மாநிலத்தின் குயாபா நகரிலிருந்து அவருடைய கடைசிப் பிரயாணம் தொடங்கிற்று. வட அமெரிக்கப் பத்திரிகைகளின் கூட்டமைப்பொன்று பொருளுதவி செய்திருந்ததால், காட்டிலிருந்து அவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் லட்சோபலட்சம் வாசகர்கள் காத்திருந்தார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. உடன் சென்றவர்கள் மகன் ஜாக்கும், ஜாக்கின் பால்ய நண்பன் ராலி ரிமெலும். பெரிய கூட்டம் காட்டில் உணவு தேடி அழியும், மக்களையும் அச்சுறுத்தும், சிறிய கூட்டமே பிழைக்கும் என்பது ஃபாசெட்டின் அனுபவ சித்தாந்தம். முன்னொரு பிரயாணத்தில் தம் குதிரை மாண்டதால் ‘செத்த குதிரை முகாம்’ என்று தாமே பெயரிட்டிருந்த இடத்தை மே மாதக் கடைசியில் அடைந்து, ரிமெலின் காலில் பூச்சிக் கடியால் புண் கண்டு வீங்கியிருப்பதைக் கவலையோடு குறிப்பிட்டு, தோல்வியைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை என்று மனைவிக்குத் தைரியம் கூறி, 29-ஆம் தேதியிட்ட கடிதத்தை வேலையாட்கள் இருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு மூவரும் கிழக்கு நோக்கி நடந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து செய்தியே இல்லை.

தம்மைத் தேடி எவரும் வர வேண்டாமென்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆயினும் தேடிப் போனவர்கள் பலர். 1928-இல் ஜார்ஜ் டையாட் தலைமையில் சென்ற குழு, மூவரும் கொல்லப்பட்டார்கள் என்ற முடிவோடு திரும்பியது. 1932-இல் ஸ்டெஃபான் ராட்டின் என்ற சுவிஸ் வேட்டைக்காரர், காட்டு மக்களிடம் சிறைப்பட்ட வயோதிக வெள்ளையரைக் கண்டதாகக் கூறித் தாமும் காட்டுக்குள் போய் மறைந்தார். அதே ஆண்டு சென்ற பீட்டர் ஃபிளெமிங், நகரத்தையும் காணாமல் ஃபாசெட்டையும் காணாமல் ஓர் அருமையான பிரயாண நூலோடு மீண்டார். 1951-இல் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த எலும்புகள் ஃபாசெட்டினுடையவை என்று அறிவிக்கப்பட்டு, நெட்டையரான அவருடைய உயரத்துக்கு அவை பொருந்தாதென்று லண்டனில் பரிசோதித்தவர்கள் தீர்மானித்தார்கள். நீனா அம்மையார் தம் அந்திமக் காலம் வரையில் கணவரும் மகனும் திரும்புவார்கள் என்றே காத்திருந்தார்.

இத்தனை பேர் தேடியும் கிடைக்காத ஒரு செய்தி, ஷிங்கு ஆற்றின் தலைப்பகுதியில் வாழும் கலபாலோ மக்களின் வாய்மொழி மரபில் பத்திரமாக இருக்கிறது. மூன்று வெள்ளையர் தங்கள் ஊருக்கு வந்தார்கள் என்றும், கிழக்கே இருப்பவர்கள் பொல்லாதவர்கள், போக வேண்டாம் என்று தங்கள் முன்னோர் தடுத்தார்கள் என்றும், கேளாமல் போனவர்களின் அடுப்புப் புகை காட்டுக்கு மேலே சில நாட்கள் மாலைதோறும் தெரிந்து பின்பு நின்றுவிட்டது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இந்தச் சாட்சியமே மற்றெல்லாவற்றினும் நம்பத் தக்கதாகத் தோன்றுகிறது. ஏனெனில், இதைச் சொல்வதால் அவர்களுக்குப் பொருளோ புகழோ கிடைக்கப் போவதில்லை.

இனி, நகரத்தின் கதைக்கு வருவோம். 1542-இல் அமேசான் ஆற்றின் வழியே முதன்முதலாக நெடுகப் பயணம் செய்த பிரான்சிஸ்கோ டி ஒரெல்லானாவின் படகுகளில் காஸ்பர் டி கார்வாஹால் என்ற பாதிரியாரும் இருந்தார். கரையோரமெங்கும் இடைவிடாத ஊர்கள், உள்நாட்டுக்குச் செல்லும் அகன்ற பாதைகள், உயர்ந்த மட்பாண்டங்கள் என்று அவர் எழுதிவைத்தார். ஆனால் போர் செய்யும் பெண்களைக் கண்டதாகவும் அவர் எழுதிவிட்டபடியால், அடுத்துவந்த நூற்றாண்டுகளில் அங்கே சென்று சிதறிய சிறு கூட்டத்தாரையே கண்டவர்கள் அவர் சொன்ன அனைத்தையும் கற்பனையென்று ஒதுக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்த அவநம்பிக்கைக்கு விஞ்ஞானத்தின் ஆதாரமும் சேர்ந்தது. அமெரிக்கத் தொல்லியல் அறிஞர் பெட்டி மெக்கர்ஸ் அம்மையார், அமேசானின் பசுமை வெறும் மாயத் தோற்றம், இடைவிடாத மழை மண்ணின் சத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு போய்விடுவதால் அங்கே பெருந்திரளான மக்கள் பயிர் செய்து வாழவே இயலாது என்று 1971-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். கல் நகரத்தைக் கனவு கண்ட ஃபாசெட்டும், ஊரே இருந்திருக்க முடியாது என்ற அறிஞர்களும் ஒருவருக்கொருவர் நேர் விரோதமானவர்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் காட்டில் அன்று வாழ்ந்திருந்த மக்களின் முன்னோர் பெரிய காரியம் எதையும் செய்திருக்க மாட்டார்கள் என்பதில் அவ்விரு திறத்தாரும் ஒன்றுபட்டே இருந்தார்கள்.

1990-களில் மைக்கேல் ஹெக்கன்பெர்கர் என்ற ஆராய்ச்சியாளர், ஷிங்கு ஆற்றுத் தலைப்பகுதியில் கலபாலோ மக்களுக்கு அண்டையவர்களான குய்குரோ மக்களிடம் சென்று தங்கினார். நகரத்தைத் தேடிக்கொண்டு அவர் காட்டைச் சுற்றவில்லை; அவர்களுடைய ஊரில் வசித்து, அவர்களுடைய பாஷையைக் கற்று, தங்கள் பாட்டன்மார் ஊர்கள் இருந்தவை என்று அவர்கள் பெயர் சொல்லிக் காட்டிய இடங்களுக்கு அவர்களோடேயே நடந்தார். முதல் பார்வைக்கு அங்கே மரங்களைத் தவிர வேறில்லை. ஆனால் அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்று பார்த்தால், தரையில் நீண்டு வளைந்து செல்லும் ஒரு பள்ளம் தெரிந்தது. அது மழைநீர் அறுத்த பள்ளமன்று. மனிதர் வெட்டிய அகழி. சில இடங்களில் 5 மீட்டர் வரை ஆழம். அதன் நீளமோ கிலோமீட்டர்க் கணக்கில். அகழிக்குள்ளே வட்டமான பெருமன்றம். மன்றத்திலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் புறப்படும் நேரான பாதைகள். பாதைகளின் அகலம் 10 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை. இருமருங்கும் உயர்த்திய மண் கரைகள். ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட பாதை சில கிலோமீட்டரில் அடுத்த ஊரின் மன்றத்தில் போய்ச் சேர்ந்தது. ஆற்றைக் கடக்கப் பாலங்களும், சதுப்பில் நடக்க மேட்டுப் பாதைகளும், மீன் வளர்க்கக் குளங்களும் இருந்தன.

2003-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியான அந்த ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் குய்குரோ தலைவர் அஃபுகாகாவின் பெயரும் இருக்கிறது. கி.பி. 1250 முதல் 1600 வரையில் செழித்திருந்த பத்தொன்பது ஊர்களை அக்கட்டுரை விவரித்தது. இத்தகைய ஊர்த் தொகுதிகள் அந்த வட்டாரம் முழுவதிலும் இருந்திருக்குமானால் 50,000 மக்கள் வரையில் வாழ்ந்திருக்கலாம் என்று ஹெக்கன்பெர்கர் கணக்கிடுகிறார். அவற்றுள் பெரியதான குஹிகுகு என்ற மூதூரைப் பத்திரிகைகள் பலவும் இன்று ‘இஸட்’ என்றே எழுதுகின்றன. அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. ஃபாசெட் தேடிய வளைவும் சிலையும் கோபுரமும் அங்கே கிடையாது. அங்கே இருந்தது மரமும் மண்ணும் புல்லும் கொண்டு திட்டமிட்டுச் சமைத்த ஊர்களின் கூட்டம். அதை நிர்மாணித்தவர்கள் அட்லாண்டிஸிலிருந்து வரவில்லை. அவர்களுடைய சந்ததியார் இன்றும் அதே வட்ட மன்றத்தைச் சுற்றி வீடு கட்டிக்கொண்டு அதே இடத்தில் வாழ்கிறார்கள். ஃபாசெட் கடைசியாகத் தங்கிய ஊர் அவர்களுடைய அண்டை ஊர். ஆகவே, அவர் அந்தப் பழைய பாதைகளில் ஏதேனும் ஒன்றைக் குறுக்கே கடந்தோ அதன்மீதே நடந்தோ போயிருக்கக் கூடும் என்ற எண்ணம் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

மெக்கர்ஸ் அம்மையாரின் கேள்விக்கு விடை மண்ணிலேயே இருந்தது. அமேசான் காட்டின் இயற்கையான மண் மஞ்சளும் சிவப்பும் கலந்த வளமற்ற மண். ஆனால் பழைய ஊர்கள் இருந்த இடங்களில் தோண்டினால் கன்னங்கரேலென்ற மண் வருகிறது. கையில் எடுத்துப் பிசைந்தால் கரித்துகள் விரலில் ஒட்டும். மீன் முள்ளும் ஓட்டுச் சில்லும் அகப்படும். பல தலைமுறையாகச் சாம்பலையும் கரியையும் எச்சில் கழிவுகளையும் குவித்து மக்கள் உண்டாக்கிய இந்தக் கரிய மண், பல நூற்றாண்டு மழைக்குப் பின்னும் தன் சத்தை இழக்காமல் இருக்கிறது. குய்குரோ மக்கள் இன்றும் மரவள்ளித் தோலையும் கிழங்குக் கழிவையும் சாம்பலையும் குப்பைமேடுகளில் சேர்த்து அதை அறிந்தே உண்டாக்குகிறார்கள் என்று 2023-இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது. மரவள்ளியே அவர்களுடைய பிரதான ஆகாரம். நம் சேலத்து ஜவ்வரிசிக்கு மூலமான அந்தக் கிழங்கு தென் அமெரிக்க மக்கள் உலகுக்கு அளித்த கொடை என்பதையும், அவர்கள் பயிரிடும் கசப்பு வகையில் உயிரைப் போக்கும் விஷம் உண்டு, அதைத் துருவி, பிழிந்து, காய்ச்சி நீக்கும் வித்தையைக் கண்டறிந்தவர்களும் அவர்களே என்பதையும் இங்கே நினைத்துப் பார்ப்பது தகும்.

அப்படியானால் அத்தனை ஜனங்களும் எங்கே போனார்கள்? ஐரோப்பியர் கொண்டுவந்த பெரியம்மையும் தட்டம்மையும் அந்த ஐரோப்பியர்களுக்கு முன்னாலேயே ஆறுகளின் வழியே பரவி, ஊர் ஊராக வாரிக்கொண்டு போயின. எஞ்சியவர்களை அடிமை வேட்டை சிதறடித்தது. மனிதர் இல்லாத மன்றங்களில் சில தலைமுறைக்குள் மரங்கள் ஓங்கிவிட்டன. கார்வாஹால் கண்டதும் உண்மை, அவருக்குப் பின்வந்தவர்கள் காணாததும் உண்மை. இடையே நடந்தது ஒரு பேரழிவு.

ஆகாயத்திலிருந்து ஒளிக்கதிர்களைச் செலுத்தி, இலைகளின் இடுக்கு வழியே தரையின் மேடுபள்ளத்தை அளக்கும் லைடார் என்னும் கருவி வந்த பிறகு இந்த ஆராய்ச்சி பன்மடங்கு விரைவடைந்திருக்கிறது. ஃபாசெட் எல்லை அளந்த அதே பொலிவியாவில், கி.பி. 500 முதல் 1400 வரை நிலைத்திருந்த ஊர்களையும், 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த மண் கோபுரங்களையும் ஹைக்கோ ப்ரூமர்ஸ் குழுவினர் 2022-இல் வெளியிட்டார்கள். எக்குவடோர் நாட்டின் உப்பானோ பள்ளத்தாக்கில் 6,000-க்கு மேற்பட்ட மண் மேடைகளை ஸ்டீஃபன் ரோஸ்டைன் குழுவினர் 2024-இல் அறிவித்தார்கள். அவற்றின் தொடக்கம் கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. இன்னும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மண் கட்டுமானங்கள் அமேசான் காட்டுக்குள் மறைந்திருக்கலாம் என்பது 2023-இல் செய்யப்பட்ட மதிப்பீடு.

அவை கண்டறியப்படும் வரை காடு நிற்குமா என்பதே இன்றைய கேள்வி. 1961-இல் நிறுவப்பட்ட ஷிங்குப் பாதுகாப்புப் பகுதியைச் சுற்றிலும் மரங்கள் வெட்டப்பட்டு சோயா வயல்களும் மாட்டுப் பண்ணைகளும் வந்துவிட்டன. மக்களின் புண்ணிய ஸ்தலங்கள் சில எல்லைக் கோட்டுக்கு வெளியே விடப்பட்டுவிட்டன. அவ்வாறு விடப்பட்டவற்றுள் ஒன்று, வவுஜா மக்கள் தங்கள் ஆதி வீரனின் இல்லமாகப் போற்றும் கமுக்குவாக்கா குகை. அதன் வாயிலில் முன்னோர் செதுக்கிய உருவங்கள் உளியால் சிதைக்கப்பட்டிருப்பது 2018-இல் தெரியவந்தது. அதற்கு முன் எடுத்திருந்த படங்களையும், ஊர்ப் பெரியவர்கள் தங்கள் நினைவிலிருந்து சொன்னவற்றையும் துணையாகக் கொண்டு, மாட்ரிட் நகரின் கலைஞர்கள் குகை வாயிலின் முழு அளவுப் பிரதியொன்றைச் செய்தார்கள். அது 2024-இல் வவுஜா மக்களின் ஊர் வந்து சேர்ந்தது. உண்மையான குகை இன்றளவும் பாதுகாப்பு எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது.